சின்னக்கரட்டூரில் நரிப்பூ பூத்த வருஷம்

ஊரை ஒட்டிய பாறைக் கரட்டில் நரிகள் போட்ட விட்டையிலிருந்து வெள்ளைப் பூ பூக்கத் தொடங்கியது ஒரு கார்த்திகை முதல் வாரத்தில். அந்த வருஷம் நிலக்கடலை பருப்பில்லாமல் பொக்காகப் போயிருந்தது, குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவைதான் வந்தது, என் மருமகள் பரிமளா வலது விலாவுக்குக் கீழே ஒரு வீக்கம் கண்டு குனிந்து நிமிர முடியாமல் இருந்தாள். இத்தனைக்கும் நடுவில் பூவும் பூத்தபடியால் சின்னக்கரட்டூரில் யாரும் அதைத் தனி அதிசயமாக எடுத்துவைத்துப் பேசவில்லை. மழை பெய்தால் காளான் வருகிறது, பங்குனியில் வேம்பு பூக்கிறது, நரி விட்டையில் இது பூக்கிறது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

பூ ஒரு சாண் உயரம்கூட இருக்காது. இலை கிடையாது. ஊசி போன்ற காம்பு, அதன்மேல் கீழே குறுகி மேலே அகன்று கணுக்கணுவாக அடுக்கிய இதழ்கள். நொய்யரிசியைக் கோத்து வைத்ததுபோல இருக்கும். இலந்தைப்பழ வாசம். காலையில் பூத்தது சாயங்காலம்வரை வாடாது. சரமாகக் கட்டினால் மல்லிகையைவிட அதிகம் தாங்குகிறது என்று பெண்கள் சொன்னார்கள்.

எங்கள் ஊருக்கும் நரிக்கும் பழைய உறவு. பொங்கல் முடிந்ததும் கரட்டில் வலைகட்டி ஒரு நரியைப் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, மாலை போட்டு, மாரியம்மன் கோயிலைச் சுற்றிக் கொண்டுவந்து, ஊர் முழுக்க அதன் முகத்தில் விழித்தபின் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவோம். நரி முகத்தில் விழித்தால் அந்த வருஷம் விளையும் என்று நம்பிக்கை. வாயைக் கட்டுகிற உரிமை எங்கள் வீட்டுக்கு. என் அப்பா கட்டினார், பிறகு நான் கட்டினேன். வனத்துறை அது குற்றமென்று வழக்குப் போடத் தொடங்கியதும் வலை பரணுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு கிணறு வற்றினாலும், பையன் பத்தாம் வகுப்பில் தோற்றாலும், கறவை மாடு மடி வீங்கினாலும், நரி முகம் பார்க்காததுதான் காரணம் என்று ஊர் முடிவுகட்டி வைத்திருந்தது. ஆகவே பூ வந்ததும், முகம் காட்ட முடியாத நரி பூவைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது என்று கோயில் தர்மகர்த்தா ராசகோபால் சொன்னார், அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது.

பூ வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கால்நடை டாக்டர் ஹேமலதா ஊருக்கு வந்திருந்தாள். காட்டு நரிகளின் குடலில் என்னென்ன புழு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. நரியைப் பிடிக்கக் கூடாது, தொடக் கூடாது. அது போட்டுவிட்டுப் போனதை மட்டும் எடுக்கலாம் என்று அனுமதி வாங்கி வந்திருந்தாள். நரித்தடம் தெரிந்த ஆள் யார் என்று கேட்டபோது எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள். நான் அதிகம் பேசுகிறவனில்லை, அவளும் தேவைக்கு மேல் கேட்கவில்லை, அதனால் ஒத்துப்போயிற்று. அவள் கையுறை போட்டு, முகத்தைக் கட்டிக்கொண்டு, பாறை மேல் கிடந்ததைக் குச்சியால் எடுத்துச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு மூடுவாள். டீக்கடையில் அவளுக்கு நரிப்பீ டாக்டரம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் காதிலும் அது விழுந்தது. முதலில் சிரித்தாள்.

கால்நடை ஆஸ்பத்திரியின் பின்னறையில் அவளுடைய மைக்ராஸ்கோப் இருந்தது. விட்டையை உப்புத் தண்ணீரில் கரைத்து வைத்தால் புழுவின் முட்டை இருந்தால் மேலே மிதந்து வரும். அதைக் கண்ணாடித் துண்டில் ஒற்றிப் பார்ப்பாள். பூ வந்த பிறகு, பூத்த விட்டையிலிருந்தும் பூக்காத விட்டையிலிருந்தும் தனித்தனியாக எடுத்தாள். பூத்ததில் எல்லாம் முட்டை இருந்தது. பூக்காத ஒன்றில்கூட இல்லை. எங்கோ தவறு என்று நினைத்துக் கரட்டின் வடக்குச் சரிவில் மறுபடி எடுத்தாள், ஓடைப் பக்கம் எடுத்தாள். மாறவே இல்லை.

"இனி உப்புத் தண்ணியே வேண்டாங்கய்யா" என்றாள் அன்றைக்கு. "பூத்திருந்தா உள்ள புழு. பூக்கலைன்னா இல்ல. இதைவிட வெளிப்படையா ஒரு மண்ணு எப்படிங்க சொல்லும்?"

அவள் முகத்தில் அந்த மாதிரி சந்தோஷத்தை நான் பார்த்தது அதுதான் கடைசி.

அவள் மேலிடத்துக்கு எழுதினாள். நரி வனத்துறையைச் சேர்ந்தது, அங்கே கேட்கவும் என்று பதில் வந்தது. வனத்துறை, பூ தோட்டக்கலைத் துறையைச் சேர்ந்தது என்றது. தோட்டக்கலைத் துறையிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, பூவை முகர்ந்து பார்த்து, சாகுபடிக்கு விதை கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதற்குள் ஊர் பூவைத் தன் வீட்டுச் சாமானாக்கிக்கொண்டது. விடிந்ததும் பெண்கள் கூடையோடு கரடு ஏறினார்கள். யார் வீட்டு வரப்புக்கு நேராக நரி போட்டதோ அந்தப் பூ அவர்களுக்கு என்று முதலில் ஒரு சண்டை வந்து, பிறகு முதலில் பார்த்தவருக்கே சொந்தம் என்று பஞ்சாயத்தில் தீர்ந்தது. அம்மனுக்குச் சாத்தினார்கள், வயசுக்கு வந்த பெண்ணுக்கு வைத்தார்கள், பஸ்ஸுக்கு முன்னால் தொங்கவிட்டார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு போனார்கள். பூ கட்டுவதில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியை மிஞ்ச ஆளில்லை. நூலை எச்சில் தொட்டு முறுக்கி, பூவை இரண்டிரண்டாக வைத்து அவள் கட்டுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். டாக்டர் ஹேமலதாவால்தான் பார்க்க முடியவில்லை.

"அக்கா, அதை வாய்க்கிட்ட கொண்டுபோகாதீங்க. அந்தப் பூவெல்லாம் புழு முட்டை."

"ஏங்கண்ணு, தாமரை சேத்துலதான் பூக்குது. அதைச் சாமிக்கு வெக்கலையா?"

"சேறு வேறக்கா, இது வேற."

"நீ கையில உறையை மாட்டிக்கிட்டே இருந்தா உனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு வெறுங்கையால தொட்டுப் பாரு. குளுகுளுன்னு இருக்கும்."

ஒரு நாள் கரட்டிலிருந்து இறங்கும்போது டாக்டர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க நின்றாள். பரிமளா சொம்பைக் கொடுத்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்ததைப் பார்த்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பதைப் பரிமளா சொன்னாள். அந்த நேரம் எங்கள் நாய் டைசன் வந்து பரிமளாவின் கையை நக்கியது. போர்வெல் வண்டியில் ராய்ப்பூர்ப் பக்கம் வேலை செய்கிற என் மகன் சேட்டு குட்டியாகக் கொண்டுவந்து விட்ட நாய் அது. பரிமளா தின்பதில் பாதி அதற்குத்தான். டாக்டர் நாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேலத்துக்குப் போய் ஸ்கேன் எடுங்க. நாளைக்கே போங்க."

ஈரலில் ஒரு நீர்க்கட்டி இருந்தது, சாத்துக்குடி அளவுக்கு. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். டாக்டர் ஹேமலதா ஆஸ்பத்திரிக்கே வந்து, பரிமளாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் அவளுக்கும் விளக்கினாள். ஆட்டை அறுக்கும்போது ஈரலில் சில சமயம் இதே மாதிரி தண்ணீர் கோத்த முட்டு இருக்கும், அதை யாரும் வாங்க மாட்டார்கள், கடைக்காரர் பின்பக்கம் எறிவார், நாய் தின்னும், மிச்சத்தை நரி தின்னும். அவற்றின் குடலில் அது நொய்யரிசி அளவுப் புழுவாகிறது. முட்டை வெளியே வருகிறது. புல்லில் ஒட்டி ஆட்டுக்குள் போகிறது, கையில் ஒட்டி மனுசருக்குள் போகிறது, போன இடத்தில் கட்டியாக உட்கார்ந்துகொள்கிறது. நாய்க்குப் பூச்சி மாத்திரை கொடுத்தால் புழு செத்துவிடும். ஈரலைக் கண்ட இடத்தில் எறியாமல் புதைத்தால் போதும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று நான் கேட்டேன். அவ்வளவுதாங்கய்யா என்றாள். கேட்கும்போது எனக்கும் அது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது.

மார்கழியில் பூ ஊருக்குள் இறங்கியது. நாய்கள் போட்டதிலும் பூக்கத் தொடங்கியது. வாசலில் பூத்தது, மாட்டுக் கொட்டாயில் பூத்தது, அங்கன்வாடி மணலில் பூத்தது. இனிக் கரடு ஏற வேண்டியதில்லை என்று பெண்களுக்கு நிம்மதி. மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ வைப்பதை விட்டுவிட்டு நரிப்பூ வைத்தார்கள். தன் வீட்டு நாய் பூக்கவில்லையே என்று ஒரு வீட்டில் நாயைத் திட்டியதை என் காதால் கேட்டேன்.

தையல் பிரித்த அன்று பரிமளாவை ஆட்டோவில் கூட்டிவந்தேன். பேத்தி இனியா அவள் மடியில் இருந்தாள். அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிற வயசு, கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். எங்கள் வாசலில் பாப்பாத்தி பெரிய கோலம் போட்டு வைத்திருந்தாள். அதைச் சுற்றி, டைசன் உபயத்தில், வேலி கட்டினாற்போலப் பூ. பரிமளா இறங்காமல் அதைப் பார்த்தாள்.

"மாமா, வண்டியைத் திருப்பச் சொல்லுங்க."

"ஏம்மா?"

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இது ஒண்ணு இந்த வாசல்ல இருக்கறவரைக்கும் நானும் புள்ளையும் உள்ள கால் வெக்க மாட்டோம்."

கோபமாகச் சொல்லவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். வண்டி ஆத்தூர்ப் பக்கம் போயிற்று. நான் வாசலில் இருந்த பூவையெல்லாம் மண்வெட்டியால் வழித்துக் குழிபோட்டு மூடினேன். மறுநாள் காலையில் தெரு நாய்கள் புதிதாகப் பூத்து வைத்திருந்தன. அதையும் மூடினேன். நான் மூட மூட, பூக்காத நாளே வரவில்லை. என் வாசல் சுத்தமாக வேண்டுமென்றால் ஊர் நாயெல்லாம் மாத்திரை தின்ன வேண்டும், வேறு வழியில்லை.

டாக்டர் மாத்திரைப் பெட்டியோடு வந்தாள். கோயில் மைதானத்தில் ஊரைக் கூட்டிப் பேசினாள். படம் காட்டினாள், பரிமளாவின் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். தர்மகர்த்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணுக்குக் கட்டி வந்து எத்தனை காலம் இருக்கும்?"

"வருஷக்கணக்கா வளர்ந்திருக்கும்ங்க."

"பூ வந்தது இந்தக் கார்த்திகையில. அப்ப பூவுக்கு முன்னாடியே கட்டி இருந்திருக்கு. பூ மேல என்ன குத்தம்?"

"பூ குத்தம் பண்ணலைங்க. எங்க குத்தம் இருக்குன்னு பூ காட்டுது."

"காட்டுறதை எதுக்கு அழிக்கணும்கறே?"

"பூவை அழிக்கச் சொல்லலைங்க, புழுவைத்தான்…"

"மாத்திரை குடுத்தா பூ நின்னு போகுமா, போகாதா?"

"நின்னு போகும்" என்றாள் டாக்டர்.

கூட்டம் முழுக்கச் சலசலத்தது. ஊரே பூ வைத்திருக்கிறது, கட்டி ஒருத்திக்குத்தானே என்றது ஒரு குரல். கட்டி வெளியே தெரிய வருஷக்கணக்காகும் என்று டாக்டர் கத்தினாள். அப்படியென்றால் வருஷக்கணக்காகப் பொறுத்துப் பார்த்துக்கொள்வோம் என்றார் தர்மகர்த்தா, எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. "எம் பேத்தி இங்க வரணும்" என்று மட்டும் சொன்னேன். "வரட்டுமே அங்கமுத்தண்ணா, யார் வேண்டாம்னா? எங்க வீட்டுப் பூவைக்கூடக் குடுக்கறேன், கூட்டிட்டு வாங்க" என்றாள் பாப்பாத்தி. அவள் கேலி செய்யவில்லை, அவ்வளவு பிரியமாகச் சொன்னாள். உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது அழுதாள் என்று நினைக்கிறேன், முகத்தைக் கட்டியிருந்தாள். "உப்புத் தண்ணியில மிதந்தப்ப யாரும் நம்பலை, சரி, கண்ணுக்குத் தெரியலைன்னு விட்டேன். இப்பக் கண்ணுக்கு முன்னாடி பூத்து நிக்குது. இன்னும் எப்படிங்கய்யா காட்டுறது?" என்றாள். அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு கூட நடந்தேன்.

பொங்கலுக்கு ஊர் ஒரு யோசனை கண்டுபிடித்தது. நரியைப் பிடித்தால்தானே வழக்கு? மூங்கில் பட்டையில் நரி உருவம் கட்டி, காதிலிருந்து வால்வரைக்கும் நரிப்பூவால் மூடி, அதை ஊர்வலமாகக் கொண்டுவந்து அதன் முகத்தில் விழிப்பதென்று முடிவாயிற்று. பூ நரிக்கும் வாயைக் கட்ட வேண்டும் என்றார்கள். உரிமைக்காரன் என்று என்னிடம் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கை வலிக்கிறது, என் தம்பி மகன் கட்டட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பறை கேட்டதும் வீடுகளெல்லாம் காலியாகிக் கோயிலுக்குப் போயின. நல்ல வெயில். தெருவில் நாய்கள் மட்டும் படுத்திருந்தன. டாக்டர் எங்கள் அடுப்படியில் கோழிக்கறியை வேகவைத்து, துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் மாத்திரையைச் செருகி வைத்திருந்தாள். டைசனுக்கு முதலில் கொடுத்தேன். பிறகு தெருத் தெருவாகப் போனோம். பெரிய நாய்க்கு இத்தனை, சின்ன நாய்க்கு இத்தனை என்று அவள் சொல்ல, நான் கொடுத்தேன். துப்பிவிட்டதற்குத் தாடையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். அங்கே ஊர் குலவையிட்டுக்கொண்டிருந்தது. இங்கே ஒரு குட்டிகூட விடாமல் நான் எண்ணிக்கொண்டே வந்தேன். அடுத்த சில நாட்கள் நாய்கள் போட்டதையெல்லாம் டாக்டர் அள்ளி எடுத்துப்போய் எரித்தாள். அவளை வேறு எந்த வேலையிலும் ஊர்க்காரர்கள் பார்த்ததில்லை, அதனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தை முடிவதற்குள் ஊருக்குள் பூ நின்றுவிட்டது. வாசல்கள் வெறுமையாக இருந்தன. கரட்டில் மட்டும், நரி போட்ட இடத்தில், முன்போலவே பூத்தது. என்ன குறை வந்தது என்று ஊர் ஆராய்ந்தது. உரிமைக்காரன் இருக்க இன்னொருவன் வாயைக் கட்டியதுதான் குறை என்று கண்டுபிடித்தது. அம்மனுக்கு நான் தண்டம் கட்ட வேண்டுமென்றார்கள், கட்டினேன். நரியின் கோபம் தணிய, வெள்ளிக்கிழமைதோறும் கறிக்கடையில் மிச்சமாகிற ஈரலையும் குடலையும் கரட்டுப் பாறையில் படைப்பது என்றும் தீர்மானமாயிற்று. முதல் வெள்ளிக்கிழமை சட்டியை எட்டிப் பார்த்தேன். முட்டு முட்டாகத் தண்ணீர் கோத்த ஈரல். திராட்சைக் கொத்துபோல இருந்தது.

"இதை வேக வெச்சாவது போடுங்கப்பா" என்றேன்.

"நரிக்கு எவன்யா வேக வெச்சுப் போடுவான்? உப்புக் காரமும் சேத்துப் போடட்டுமா?"

சிரித்துக்கொண்டே தூக்கிப் போனார்கள். கரட்டில் பூ முன்னிலும் அடர்த்தியாயிற்று. டாக்டர் அதைத் தினமும் போய்ப் பார்த்தாள். எடுப்பதை நிறுத்தியிருந்தாள். "எடுத்து என்னங்கய்யா பண்றது, பாக்கும்போதே தெரியுதே" என்றாள். ஊர் நாய்களுக்கு மாதக்கணக்கு பார்த்து மறுபடி மறுபடி கொடுக்க வேண்டுமென்று சொல்லி மாத்திரையை என்னிடம் விட்டுவைத்தாள். அதை மட்டும் நான் தவறாமல் செய்தேன், வயல் வேலைக்கு எல்லாரும் போன பகல் நேரமாகப் பார்த்து.

பரிமளாவுக்குப் போன் செய்து வாசலில் ஒன்றுகூட இல்லை என்று சொன்னேன். நம்பாமல் சேட்டுவின் சினேகிதனை அனுப்பி வாசலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். கொட்டாயையும் எடுக்கச் சொன்னாள். கொல்லையையும். பிறகுதான் வருகிறேன் என்றாள்.

மாசி வெயிலில் மதியம் ஆட்டோ வந்து நின்றது. தெருவில் பாதிப்பேர் வாசலுக்கு வந்து நின்றார்கள். பரிமளா இளைத்திருந்தாள், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இனியா அவள் மடியிலிருந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். பரிமளா முதலில் வாசலைப் பார்த்தாள். பெருக்கித் தெளித்த வெறும் மண். அவள் ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

அப்போது பாப்பாத்தி வந்தாள். சேலையெல்லாம் முள் கிழித்திருந்தது, முகம் கருத்துப்போயிருந்தது. அவளுக்கு முழங்கால் வலி. ரேசன் கடைக்குக்கூட ஆள் அனுப்புகிறவள், யாரையும் அனுப்பாமல் காலையிலேயே தனியாகக் கரடு ஏறி இறங்கியிருந்தாள். வாழை இலையில் சுருட்டி வைத்திருந்த சரத்தை எடுத்தாள். அவள் கட்டியதிலேயே அவ்வளவு நெருக்கமாகக் கட்டிய சரம் இல்லை. ஒன்று பெரியது, ஒன்று குழந்தைக்கென்று சின்னது.

"செத்துப் பொழச்சு வந்திருக்கே. வெறுந்தலையோட வீட்டுக்குள்ள போகலாமா? குனி கண்ணு."

பரிமளா அசையாமல் என்னைப் பார்த்தாள். பெரியவர்கள் பூ வைக்க வரும்போது தலையைத் திருப்ப எந்தப் பெண்ணுக்கும் வராது; அவள் கழுத்து தன்னாலேயே குனியத் தொடங்கியது. இனியா சின்னச் சரத்தைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்தாள்.

நான் பாப்பாத்தியின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அறுபது வயசுக்கு மேல் ஆகிறது எனக்கு. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நிமிர்ந்து பார்த்துப் பேசியது கிடையாது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ "யோவ்" என்றார்கள். ஆட்டோக்காரன் இஞ்சினை அணைத்தான்.

"அண்ணா, கையை விடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"வேண்டாம் பாப்பாத்தி."

"எதுக்குன்னு சொல்லிட்டாவது விடுங்கண்ணா. நான் என்ன தப்புப் பண்ணினேன்? இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஏறிப் பறிச்சேன்."

சொன்னேனே, எத்தனை தடவை சொன்னோம். பிடியை இறுக்கினேன். அவள் இழுத்தாள், சரத்திலிருந்து இதழ்கள் உதிர்ந்து என் முழங்கைமேல் விழுந்தன, குளிர்ச்சியாகத்தான் இருந்தன. பாப்பாத்தி அழத் தொடங்கினாள். அவள் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களை நோக்கி வேகமாக வந்தார். "பரிமளா, புள்ளையைத் தூக்கிட்டு உள்ள போ" என்றேன். அவள் எங்களைத் தாண்டி, தலையில் ஒன்றுமில்லாமல், படியேறி உள்ளே போகும் சத்தம் கேட்டது. அதன் பிறகும் நான் கையை விடவில்லை.